ஹாரனுக்கும் சாவிக்கும் நடுவில்

கலியமூர்த்தி சொல்வது உண்மை என்பதற்கு விலை நாலாயிரத்து ஐநூறு ரூபாய், வரி தனி. நெய்வேலி மெயின் பஜார் பின்வரிசையில், அஜ்மல் எலக்ட்ரானிக்ஸ் கடையில், ஒரு திங்கட்கிழமை காலை அந்த விலை படிந்தது. அஜ்மல் ஆறாயிரத்தில் தொடங்கினான். கம்பெனி சூப்பர்வைசர் கருணாகரன் மூவாயிரத்தில் தொடங்கினார். நடுவே கருணாகரனுக்கு மட்டும் ஒரு டீ வந்தது. ரமலான் மாதம், அஜ்மலுக்கு நோன்பு. பசித்தவன் சீக்கிரம் இறங்கி வருவான் என்று அவர் நினைத்திருந்தால், அஜ்மல் மூன்று தலைமுறையாக நோன்பு வைத்துக்கொண்டே துணி விற்ற குடும்பம் என்பது அவருக்குத் தெரியாது. உண்மைக்குச் சொந்தக்காரரான கலியமூர்த்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா கூடாதா என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் விலை கேட்கவில்லை.

கடையின் பெயர் அஜ்மலுடையது, வாயும் அஜ்மலுடையது. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்க்கும் கை அவன் மனைவி சித்தீகாவுடையது. கடலூரில் டிப்ளமா முடித்தவள். விடியுமுன் எழுந்து நோன்புக்கு முந்தைய சஹர் சாப்பாடு சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தாளென்றால் அந்த நாளில் பாதி ஏற்கெனவே செலவாகியிருக்கும். மீதிப் பாதியைத்தான் அஜ்மல் இப்போது விற்றுக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். கருணாகரனின் கம்பெனி, சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அள்ளும் காண்ட்ராக்ட் கம்பெனி. பதினாறு டம்பர் லாரி. அதில் ஒன்றைக் கலியமூர்த்தி ஓட்டினார். போன செவ்வாய்க்கிழமை மண் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது இன்ஜின் நின்றது. வண்டி பின்னால் உருண்டு மண்கரையில் இடித்து, பின்பக்கம் நசுங்கி நின்றது. ஆளுக்கு அடி இல்லை. "தானா ஆஃப் ஆச்சுங்க" என்றார் கலியமூர்த்தி. "தூங்கிட்டு நியூட்ரல் போட்டிருப்ப" என்றது கம்பெனி. இன்ஜினை ஆட்டிவைக்கும் கார்டு ஒன்று கேபினுக்குள் இருக்கிறது, டிபன் பாக்ஸ் அளவுக்கு. கம்பெனி மெக்கானிக் அதைக் கழற்றி பேட்டரியில் மாட்டிப் பார்த்தார். நன்றாக இருந்தது. கார்டு நன்றாக இருந்தால் டிரைவர் நன்றாக இல்லை என்று அர்த்தம். அன்றோடு கலியமூர்த்தியை நிறுத்தி வைத்தார்கள். யூனியன்காரர்கள் சத்தம் போட்டதால், வெளியே ஒரு இடத்தில் டெஸ்ட் பண்ணிவிடலாம் என்று கார்டு இங்கே வந்தது.

வேலை மட்டும் என்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் மஸ்டர் என்ற வருகைப் பதிவில் பெயர் விழுந்தால்தான் அந்த வருஷம் சர்வீஸாகக் கணக்கில் சேரும். அப்படித் தொடர்ந்து ஐந்து வருஷம் காட்டினால்தான் கம்பெனி சீனியாரிட்டி லிஸ்டில் பெயர் ஏறும். ஒரு வருஷம் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. கலியமூர்த்திக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. ஐந்தாவது வருஷம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. கையில் இருந்தது இருநூற்று இருபத்தாறு நாள்.

"அடுத்த திங்கக்கெழம உள்ள எறங்கிட்டேன்னா ஞாயிறு போவ சரியா பதினாலு நாளு இருக்குதுங்க" என்றார் சித்தீகாவிடம். "கூட்டிப் பாருங்க. சரியா வரும்."

அவள் கூட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எத்தனை தடவை கூட்டியிருப்பார் என்று தெரிந்தது.

பெஞ்சில் சூட்கேஸ் அளவில் ஒரு பவர் சப்ளை இருந்தது. ஓசூரில் மூடிய ஒரு ஃபாக்டரியின் ஏலத்தில் அஜ்மல் எடுத்தது. சாதாரண பவர் சப்ளையிடம் இருபத்து நாலு வோல்ட் கேட்டால் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். இது சொன்ன நேரத்தில் சொன்ன அளவுக்கு ஏறும், இறங்கும், நடுங்கும். வேவ்ஃபார்ம் என்ற பட்டனுக்குள் தைத்து வைத்த ரெடிமேட் அலைகள்: வளைந்து வளைந்து போவது, முக்கோணமாகக் குத்துவது, சதுரமாக வெட்டுவது. டேபிள் என்ற பட்டனுக்குள் வெறும் கட்டங்கள்தான். எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம் என்று வரிசை வரிசையாக நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஒரு வரிசை தவறாமல் செய்துவிட்டு, கேட்டால் மறுபடி முதலிலிருந்து செய்யும். வண்டியே இல்லாமல், வண்டியின் பேட்டரி படும் பாட்டை மேசைமேல் நடத்திக் காட்டும்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சித்தீகா ரெடிமேட் அலைகளைப் போட்டுப் பார்த்தாள். ஆல்டர்னேட்டர் ஓடும்போது வரும் நடுக்கத்துக்காக இருபத்து நாலுக்கு மேலும் கீழும் இரண்டு வோல்ட் ஆடும் அலை. லூஸ் கனெக்‌ஷனுக்காகச் சதுர அலை. கார்டு இன்ஜினை ஓட விடுகிறது என்பதற்குப் பச்சை விளக்கு. இன்ஜினைக் கைவிட்டால் உள்ளே இருக்கும் ரிலே என்ற குட்டி சுவிட்ச் 'டக்' என்று விழும். சிவப்பு விளக்கு எரியும். மூன்று நாளும் பச்சை விளக்குதான். கார்டு சமர்த்துப் பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

கலியமூர்த்தி தினமும் பத்து மணிக்கு வந்துவிடுவார். டி.வி.எஸ். எக்ஸெல்லை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவார். தண்ணீர் பாட்டிலைக்கூட வெளியே போய்த்தான் குடிப்பார்.

"உள்ளயே குடிங்கண்ணே. எங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் சித்தீகா.

"நீங்க பட்டினியா இருந்துகினு எனக்காகப் பாத்துகினு இருக்கீங்க. உங்க எதிர்ல மடக்குமடக்குன்னு குடிச்சா எனக்கு எறங்காதுங்க பாயம்மா."

"அவரு வெளிய போறதே டம்பர் போவுதான்னு பாக்கத்தான்" என்றான் அஜ்மல். "வாரம் முழுக்க ஸ்டூலயே ஓட்டிகினு இருக்காரு. மைலேஜ் எவ்ளோ குடுக்குது, கலியமூர்த்தி?"

"ரிவர்ஸ் மட்டும் விழமாட்டேங்குது பாய்."

வியாழக்கிழமை சித்தீகா டேபிளுக்கு வந்தாள். நோட்டை விரித்துவைத்துக்கொண்டு கேட்டாள். "ஷிஃப்ட்டுக்கு வந்ததும் என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

நோட்டைப் பார்த்ததும் கலியமூர்த்தியின் முதுகு நிமிர்ந்தது. குரலே மாறியது. "வண்டியச் சுத்தி வந்து பாக்கணும். ஏறி சீட்பெல்ட் போடணும். சாவிய ஒரு திருப்பு. ஹாரன் ஒரு தடவ. மூணு எண்ணணும். யாரும் குறுக்க இல்லன்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணணும்."

அவள் அப்படியே எழுதினாள். முதல் வரிசை: பூஜ்யம், பத்து விநாடி, கார்டு முழுசாகச் செத்து எழட்டும். இரண்டு: இருபத்து நாலு, இரண்டு விநாடி, சாவி. அடுத்த இரண்டும் ஹாரன்: இருபத்து மூன்றுக்கு இறக்கி நடுக்கம், பிறகு விடுதலை. பிறகு மூன்று விநாடி சும்மா. பிறகு ஸ்டார்ட்டர் இழுக்கும் இழுப்பு: கண் இமைக்குமுன் பதினொன்றுக்கு விழுந்து, தள்ளாடி, பதினெட்டு, கடைசியில் இருபத்தேழரைக்கு ஏறி நாலரை நிமிஷம் ஓட்டம். மொத்தம் பன்னிரண்டு வரிசை. ஒரு தடவை ஓட ஐந்து நிமிஷம். பத்து தடவை ஓட்டினாள். பத்து தடவையும் பச்சை.

"வுடுங்க பாயம்மா" என்று கலியமூர்த்தி எழுந்தார். "ஒருவேள நானே கண்ணசந்துட்டேனோ என்னமோ. எல்லாரும் சொல்றதக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமாயிட்டுது."

மணி ஐந்து. நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல் இருக்க, சித்தீகா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எக்ஸெல்லில் ஏறி உட்கார்ந்தார். இடது கட்டைவிரல் ஹாரனில், வலது கட்டைவிரல் ஸ்டார்ட்டரில். இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தின. 'பாம்' என்றதும் வண்டி உறுமியதும் ஒன்றாகவே கேட்டன. குறுக்கே ஒரு பூனைகூட இல்லை.

அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். "அண்ணே! நில்லுங்க! ஆஃப் பண்ணிட்டு மறுபடி எடுங்க."

எடுத்தார். மறுபடியும் ஹாரனும் ஸ்டார்ட்டும் ஒன்றாக.

"மூணு எண்ணலயே?"

"இது எக்ஸெல்தானேங்க."

"டம்பர்ல எண்ணுவீங்களா?"

கலியமூர்த்தி இரண்டு பக்கமும் பார்த்தார். கருணாகரன் இல்லை. "எண்ணறதா? பதினாறு வண்டி, பதினாறு டிரைவரும் ஒண்ணா ஏறுவோம். எவன் மொதல்ல எடுக்கறானோ அவனுக்குத்தான் மண்ணு அள்ளுற ஷவல்ல மொத லோடு. பின்னாடி நிக்கறவன் எடுடா எடுடான்னு கத்துவான். சாவியும் ஹாரனும் ஒண்ணாத்தான் போவும். எல்லாருமே அப்படித்தாங்க, ஒரு கண்ணிமை முன்னபின்ன இருக்கும், அவ்ளோதான்."

"அப்பறம் ஏன் மூணு எண்ணணும்னு சொன்னீங்க?"

"நீங்க நோட்ட வச்சிகினு கேட்டீங்க. நோட்டு வச்சிகினு கேட்டா சேஃப்டி கிளாஸ்ல சொன்னதத்தான சொல்லணும்?"

சித்தீகாவுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு வேண்டிய தெம்பு மதியமே தீர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அந்த மூன்று விநாடி வரிசையை அழித்தாள். ஹாரனின் நடுக்கத்தை, ஒரு இமைகூட முன்னபின்ன ஆகாமல், ஸ்டார்ட்டர் இழுக்கும் சரிவின் மேலேயே ஏற்றினாள். பதினொன்றில் நின்ற வோல்ட் எட்டுக்குக் கீழே போய், ஹாரனை விட்டதும் துள்ளி எழுந்தது. முதல் ஓட்டம். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று. நாலாவது நிமிஷம் யாரும் தொடாமல் 'டக்'. சிவப்பு.

கலியமூர்த்தி ஸ்டூலிலிருந்து எழுந்து கார்டைப் பார்த்தார். "இதேதான்" என்றார். "மேடு ஏறுறதுக்குள்ள இதே நேரந்தாங்க ஆயிருக்கும். இதேதான்." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மதியத்துக்குள் இருபது ஓட்டம். பத்தொன்பது தடவை விழுந்தது. ஜும்மா தொழுதுவிட்டு வந்த அஜ்மல் நோட்டைப் பார்த்துக் கையைத் தட்டினான். "அடிச்சிட்ட புள்ள! எழுது ரிப்போர்ட்ட. சாயங்காலமே கருணாகரன் கையில குடுத்துட்டா நாளைக்கு ஆர்டர், திங்கக்கெழம இவரு வண்டியில."

"குடுத்தா இவரு வூட்ல" என்றாள் சித்தீகா.

"என்ன சொல்ற?"

"ஹாரன ஸ்டார்ட்டோட சேத்து அடிச்சாத்தான் கார்டு விழுது. மூணு எண்ணினா விழல. இதத்தான் நான் எழுதணும். கருணாகரன் படிச்சிட்டு என்ன சொல்வாரு? கார்டு மேல தப்பில்ல, டிரைவர் சேஃப்டி ரூல மீறினான், அதான் நின்னுதுன்னுவாரு. தூங்கினான்னு சொன்னதுக்கு சாட்சி இல்ல. இதுக்கு நம்ம கையெழுத்தே சாட்சி."

அஜ்மல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினான். அவன் தாடியைத் தடவினால் யாரோ ஒருவர் விலையைக் குறைக்கப்போகிறார் என்று பஜாரில் எல்லோருக்கும் தெரியும்.

"டேபிள்ல ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்துல பேர் எழுதியே ஆவணுமா? ஹாரன், ஸ்டார்ட்டருன்னு? வெறும் நம்பர் மட்டும் வச்சிக் குடு. பன்னண்டு வரிசை, பத்தொன்பது தடவ விழுந்துச்சு. அவ்ளோதான். அந்தாளு நம்பரப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாரு?"

"அவரு மாட்டாரு. கார்டு செஞ்ச கம்பெனிக்கு அனுப்புவாரு. அங்க படிச்சவன் இருப்பான். எட்டு வோல்ட்டுக்கு ஏன் எறங்குச்சுன்னு ஒரு போன் போடுவான்."

"அதுக்குள்ள ஏப்ரல் வந்துரும்ல?"

சித்தீகா நோட்டை மூடினாள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை; அதுதான் அவளைச் சோர்வாக்கியது. புருஷன் தப்பாகப் பேசினால் சண்டை போடலாம். பாதி சரியாகப் பேசுகிறவனிடம் என்ன செய்வது?

"மூணு எண்ணினா விழவே விழாதுங்களா?" என்று கதவோரத்திலிருந்து கேட்டார் கலியமூர்த்தி.

"பத்து தடவ ஓட்டினேன். விழல."

"பத்து போதுங்களா? துணிக்கடையில பத்து சீலைய விரிச்சுப் பாத்தா எல்லாச் சீலையும் பாத்ததா ஆயிடுமா?"

அஜ்மல் திரும்பிப் பார்த்தான். இந்த மனிதர் ஒரு வாரமாகக் கடையில் உட்கார்ந்திருந்தது வீண்போகவில்லை.

"ஓட்டலாம்" என்றாள் சித்தீகா மெதுவாக. "சாவி போட்டதும் கார்டு தன்னத்தானே சோதிச்சிப் பாக்குது. அது முடியிற நேரத்துல ஸ்டார்ட்டர் இழுத்தா, என்னைக்காவது ஒரு தடவ விழலாம். ஆனா அதக் காட்ட எரநூறு தடவயாவது ஓட்டணும். எரநூறுன்னா ரெண்டு முழு நாளு. அதுவும் கம்பெனி ஆளு பக்கத்துல உக்காந்து பாக்கணும், இல்லன்னா நம்ப மாட்டாங்க. நாளைக்கு சனி. ஞாயித்துக்கெழம கருணாகரன் வரமாட்டாரு. மறுநாள் திங்கள்."

கலியமூர்த்தி விரலை மடக்கினார். திங்கட்கிழமை டெஸ்ட் முடிந்தால் செவ்வாய்க்கிழமைதான் வண்டி. பதினாலு பதின்மூன்றாகும்.

"அதுல ஒண்ணுமே விழலன்னா?" என்றார்.

"உங்களுக்கு எதிரா நானே எழுதின மாதிரி."

"பாய் சொல்ற மாதிரி நம்பர மட்டும் எழுதிக் குடுத்தா?"

"இந்த வருஷம் தப்பிக்கலாம். பின்னால தெரிஞ்சா மொத்தமும் போயிடும்."

தெருவில் ஷிஃப்ட் பஸ் ஒன்று போனது. அது திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்ல என் பொண்டாட்டியே கேட்டாங்க, நெசமாவே தூங்கிட்டியான்னு. இருபது வருஷமா கூட இருக்கறாங்க" என்றார். "ஓட்டுங்க பாயம்மா. ஹாரனையும் எழுதுங்க. நான் சேத்து அடிச்சேன்னே எழுதுங்க. எரநூறும் ஓட்டுங்க."

சனிக்கிழமை காலை கருணாகரன் செய்தித்தாளோடு வந்தார். டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆறு வருஷமாக அதே சூப்பர்வைசர். சித்தீகா இரண்டு டேபிளையும் அவரிடம் காட்டினாள். சேர்த்து அடித்ததை மறைக்கவில்லை.

"அப்ப முடிஞ்சுதே மேடம்" என்றார் அவர். "ஆபரேட்டர் மிஸ்டேக். எதுக்கு இன்னும் ரெண்டு நாள்?"

"உங்க ரூல்படி ஓட்டினா என்ன ஆவுதுன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா சார்? நாளைக்கு ரூல்படி ஓட்டறவன் வண்டி நின்னா யார் மேல எழுதுவீங்க?"

அவர் செய்தித்தாளை விரித்தார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் பட்டனை அழுத்தினாள்.

பத்து விநாடி பூஜ்யம். சாவி. ஹாரன். மூன்று விநாடி. ஸ்டார்ட். நாலரை நிமிஷம் காத்திருப்பு. நோட்டில் ஒரு கோடு. மறுபடி பூஜ்யம். ஃபேன் சுற்றியது. வெயில் வாசல்படியிலிருந்து ஸ்டூலின் கால்வரை வந்தது. இருபது, முப்பது, நாற்பது. எல்லாம் பச்சை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐம்பதாவது கோடு போடும்போது அது ஐம்பதா, நாற்பத்தொன்பதா என்று சந்தேகம் வந்து எல்லாவற்றையும் மறுபடி எண்ணினாள். சரியாக இருந்தது. சரியாக இருந்ததிலும் சந்தோஷம் இல்லை.

கலியமூர்த்தி மெல்லக் கூப்பிட்டார். "பாயம்மா."

"என்னண்ணே?"

"சார் தூங்கறாரு."

கருணாகரன் நாற்காலியில் சாய்ந்து, செய்தித்தாள் நெஞ்சில் கிடக்க, வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தார். அஜ்மல் ஓடிவந்து செல்போனை எடுத்தான். "ஒரே ஒரு போட்டோ. நியூட்ரல்ல இருக்காரு."

"போனை உள்ள வைங்க" என்றாள் சித்தீகா. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

அறுபத்தொன்றாவது ஓட்டத்தில், மூன்றே முக்கால் நிமிஷத்தில், 'டக்'.

கலியமூர்த்திதான் எழுந்துபோய், மரியாதையாக, கருணாகரன்மேல் கைபடாமல், நாற்காலியின் முதுகைத் தட்டினார். "சார். எழுந்திரிங்க சார். செவப்பு எரியுது. வந்து பாருங்க."

கருணாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். டேபிளில் மூன்று விநாடி வரிசை அப்படியே இருந்ததையும் பார்த்தார். "நான் கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்" என்றார்.

"நானும் தூங்கலன்னுதான் சார் சொன்னேன்" என்றார் கலியமூர்த்தி. "ஒத்துக்கலயே."

அதன்பிறகு கருணாகரன் தூங்கவில்லை. சனிக்கிழமை நூறில் ஒன்று. திங்கட்கிழமை மூன்று: நூற்று எட்டாவது, நூற்று நாற்பதாவது, நூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது ஓட்டங்களில். ஒவ்வொன்றையும் அவரே விளக்கின்மேல் குனிந்து பார்த்து, நோட்டின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு இருநூறும் முடிந்தது.

"எரநூறுல நாலு" என்றார். "கம்மிதானே மேடம்? ரெண்டு பர்சென்ட்."

"கம்மிதான் சார்" என்றாள் சித்தீகா. பேச்சே பாரமாக இருந்தது. "உங்ககிட்ட பதினாறு வண்டி. மூணு ஷிஃப்ட். ஒரு நாளைக்கு எத்தன ஸ்டார்ட்?"

"நாப்பத்தெட்டு." சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். நூறுக்கு இரண்டு. நாற்பத்தெட்டுக்கு? உதடுகள் அசைந்தன. ரூல்படி எல்லோரும் மூன்று எண்ணினாலும், தினம் ஒரு வண்டி நிற்கும்.

"சமதரையில நின்னா மறுபடி எடுத்துகினு போயிடுவாங்க, யாரும் சொல்றதில்ல. ஜனவரியில மேட்டுல இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சுல்ல சார்?" என்றார் கலியமூர்த்தி. "நம்ம சேத்தியாத்தோப்பு சசிகுமார் வண்டி. தூங்கினான்னு அவனயும் நிறுத்துனீங்க."

"அது முடிஞ்சு போச்சு. அவன் திருப்பூர் போயிட்டான்."

கருணாகரன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிஷம் பேசினார். உள்ளே வந்தபோது முகம் கொஞ்சம் சின்னதாகியிருந்தது. பதினாறு கார்டையும் மாற்றச் சொல்லி எழுதப்போகிறார்கள். கலியமூர்த்தி நாளைக் காலை முதல் ஷிஃப்டில் இறங்கலாம். சேர்த்து அடித்ததற்கு ஒரு வார்னிங் லெட்டர், அவ்வளவுதான்.

"சந்தோஷங்க" என்றார் கலியமூர்த்தி. அப்படி ஒன்றும் சந்தோஷமாகத் தெரியவில்லை. விரல்கள் மடங்கி மடங்கி நீண்டன.

இங்கேதான் அஜ்மல் தாடியைத் தடவினான். "சார், ஒரு நிமிஷம். தப்பு கார்டு மேலதான்னு ஆயிடுச்சு. அப்ப நிறுத்தி வச்ச நாளெல்லாம் மஸ்டர்ல ஏத்திடலாமே?"

"அதெல்லாம் ஹெட் ஆபீஸ் பாய். ஆறு மாசம் ஆகும்."

"சரி, எல்லாம் வேணாம். ரெண்டு நாளு."

"ஒண்ணுகூட என் கையில இல்ல."

"ஞாயித்துக்கெழம ஒரு வண்டி குடுங்க."

"ஞாயிறு சர்வீஸ் டே. வண்டி எடுக்கறதில்ல."

"டபுள் ஷிஃப்ட்?"

"எத்தன ஷிஃப்ட் பாத்தாலும் மஸ்டர்ல ஒரு நாளுக்கு ஒரு நாள்தான் விழும்."

"அப்ப ஒரே ஒரு நாளு சார். வியாழக்கெழம. உங்க வண்டிய எப்படி எடுக்கறோம்னு இங்க உக்காந்து சொல்லிக் குடுத்தது யாரு? உங்க பதினாறு வண்டிக்கும் வைத்தியம் பாத்த நாளு அது. அது கம்பெனி வேல இல்லாம எங்க மாமியார் வூட்டு வேலையா?"

"பாய், நிறுத்தி வச்ச ஆளுக்கு டியூட்டி போட்டா என்னைக் கேள்வி கேப்பாங்க."

"டியூட்டின்னு போடாதீங்க. வேற பேரு வைங்க. பேரா சார் இல்ல உங்ககிட்ட?"

கருணாகரன் பேனா மூடியைக் கடித்தார். சேஃப்டி கிளாஸ் என்று ஒன்று இருக்கிறது. சஸ்பென்ஷனில் இருப்பவனையும் அதற்குக் கூப்பிடலாம். அதற்கு சூப்பர்வைசர் கையெழுத்தே போதும். ஆனால் கிளாஸ் என்றால் காலை மட்டும்தான். மதியத்துக்கு மேல் கிளாஸ் கிடையாது. அதை மாற்ற மேலே கேட்க வேண்டும்.

"அரை நாள்" என்றார். "அதுக்குமேல ஒரு நிமிஷம்கூட ஏத்த முடியாது. குர்ஆன் மேல சத்தியம் கேட்டாலும் முடியாது."

"முக்கா நாளு?"

"பாய்."

அஜ்மலுக்குப் பேரம் முடிந்த இடம் தெரியும். கையை எடுத்துவிட்டான். கருணாகரன் கடை மேசையிலேயே மஸ்டர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதி அரையைப் பற்றி மேலே பேசிப் பார்க்கிறேன் என்று, படியிறங்கும்போது, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்க இன்னும் சில நிமிஷம் இருந்தது. சித்தீகா பவர் சப்ளையை அணைத்தாள். ஒரு வாரமாக ஓடிய அதன் விசிறி மெல்ல நின்று, அறை சட்டென்று பெரிதானது போலிருந்தது. பேரீச்சம்பழத் தட்டைக் கலியமூர்த்தி பக்கம் நகர்த்தினாள். அவர் எடுக்கவில்லை, பாங்குச் சத்தம் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு அவர்களோடு காத்திருந்தார்.

"எழுதிப் பாருங்க பாயம்மா" என்றார். "நான் போட்டா தப்பா வருது."

டெஸ்ட் நோட்டில் இருநூறு கோடுகளுக்குக் கீழே இடம் இருந்தது. அவள் எழுதினாள். கையில் இருந்தது இருநூற்று இருபத்தாறு. நாளையிலிருந்து பதின்மூன்று. வியாழக்கிழமை கிளாஸ் அரை. கூட்டினால் இருநூற்று முப்பத்தொன்பதரை. வேண்டியது இருநூற்று நாற்பது. பாக்கி, அரை நாள்.